காற்றுத் துப்பாக்கியா, பாயிண்ட் 22 ரைஃபிளா?

தில்லியில் குறிபார்த்துச் சுடக் கற்க விரும்பும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இக்கேள்விதான். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் துக்ளகாபாத்தில் அமைக்கப்பட்ட கர்ணி சிங் சுடுதளத்தில் இரண்டுக்கும் இடமுண்டு.

4.5 மி.மீ. ஈயக் குண்டைச் சுடும் காற்றுத் துப்பாக்கியின் இலக்கு 10 மீட்டரில் இருக்கிறது. அதில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் என்பதால், மூச்சையும் விசையை அழுத்தும் விரலையும் அடக்கப் பழகாதவரிடம் அது சிறிதும் இரக்கம் காட்டாது. 0.22 அங்குலத் தோட்டாவைச் சுடும் பாயிண்ட் 22 ரைஃபிளின் இலக்கோ 50 மீட்டரில் இருக்கிறது. அங்கே பத்தின் வட்டம் 10.4 மி.மீ. என்றாலும், திறந்தவெளியில் காற்றின் போக்கையும் கணிக்க வேண்டும்.

செலவில் பெரிய வேறுபாடு தோட்டாவில்தான். பெரிய ரகத் தோட்டாவின் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பலாம். பாயிண்ட் 22-இல் தீமூட்டும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், ஒருமுறை சுட்டது வீண்தான். தாங்களே நிரப்ப முடியாததால், போட்டியாளர்கள் ஆலையில் ஒரே தொகுதியாகச் செய்த தோட்டாக்களைச் சோதித்து வாங்குகிறார்கள். இந்த ரைஃபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமும் வேண்டும். வேட்டை நோக்கம் எவருக்கும் வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

தொடங்குபவருக்கு நான் காற்றுத் துப்பாக்கியையே சொல்வேன். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் அதில்தான்.