பீற்றூட் மாவும் பேணியின் முதுகில் இருந்த மூன்று வாக்குறுதிகளும்

மட்டக்களப்பு நகரில் ஒரு பாமசியில், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வரும் பெரியம்மாவுக்காக ஒரு பேணி பீற்றூட் மா வாங்கினேன். நைத்திரிக் ஒட்சைட்டைக் கூட்டும், குருதிக்கலன்களை விரிக்கும், கட்டியைக் கரைக்கும் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது.

முதல் இரண்டோடும் எனக்குப் பிணக்கில்லை. பீற்றூட்டிலுள்ள நைத்திரேற்றை வாயில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாக மாற்ற, அது உடலுக்குள் நைத்திரிக் ஒட்சைட்டாகிறது; கிருமிநாசினியால் வாய் கொப்பளித்த கையோடு குடித்தால் பயன் குறையும் என்பதைத்தான் பேணி சொல்லவில்லை. அந்த வாயு கலன்சுவரின் மழமழப்பான தசையைத் தளர்த்துவதால் கலன் அகல்கிறது. இது தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காகவே பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது வாக்குறுதியை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டிக்குள் ஓடும் கலன்கள் அவசரத்தில் முளைத்தவை. கோணல்மாணலானவை, கசிபவை, பலவற்றில் தளர்வதற்குத் தசையே ஒழுங்காக இல்லை. ஆகவே உடலின் ஏனைய கலன்கள் விரிந்து அழுத்தம் இறங்கும்போது, கட்டிக்குப் போகவேண்டிய குருதி வேறு பக்கம் திரும்பிவிடவும் கூடும். அதேவேளை பல கட்டிகள் தாமே நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கி, புதுக் கலன்களை வளர்த்துத் தமக்கு உணவு வரவழைத்துக்கொள்கின்றன. அந்த உற்பத்தியைத் தடுத்தபோது ஆய்வுகூட விலங்குகளின் கட்டிகளில் குருதியோட்டம் குறைந்ததையும் கண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், குருதியோட்டம் கூடிக் கட்டிக்குள் ஒட்சிசன் மிகுந்தால் கதிர்ச்சிகிச்சை கூடுதலாகப் பலிக்கவும் இடமுண்டு. அளவையும் நேரத்தையும் பொறுத்துக் கட்சி மாறும் ஒரு வாயுவைப் பற்றி, ஒரு கரண்டியில் எவ்வளவு நைத்திரேற்று என்றுகூடக் குறிப்பிடாத பேணி இப்படி அடித்துச் சொல்வது துணிச்சல்தான்.

பானமாகப் பார்த்தால் குறை அதிகமில்லை. மண்வாசனை உண்டு, அடியில் வண்டல் தங்கும். தேசிக்காய்ப் புளி சிறிது விட்டால் குடிக்கலாம். மறுநாள் சிறுநீர் சிவந்ததைக் கண்டு, இரத்தம்தான் போகிறதென்று பெரியம்மா அழுதுவிட்டார். பீற்றூட்டின் நிறம் சிலருக்கு அப்படி இறங்குவது வழக்கம் என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்தக் காலைப்பொழுது எங்களுக்குத் தப்பியிருக்கும்.

அடுத்த கிளினிக்கில் பேணியைக் காட்டினோம். அவர் ஏற்கெனவே பிறஷர் குளிசை எடுப்பதால், சிகிச்சை முடியும்வரை இதை நிறுத்திவைத்து, கறிக்குப் போடும் பீற்றூட்டோடு திருப்திப்படச் சொன்னார் வைத்தியர். பாமசியில் திருப்பி எடுக்கவில்லை, திறந்த பேணியாம்.