ராஜ்தூத் 350-க்கு டயல் கேஜ் கிட்: வாங்கலாமா?

வாங்கலாம். பிளக் ஓட்டையில் மாட்டி பிஸ்டன் எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் அளவுகோல் இது. ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்கள் இது இல்லாமல் டைமிங்கில் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தில்) கை வைக்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

யமஹா ஆர்டி350-ஐ எஸ்கார்ட்ஸ் 1983-ல் இங்கே இறக்கிய வண்டி அது. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயிண்ட் (திறக்கும்போது தீப்பொறி வரவைக்கும் சுவிட்ச்), தனிக் காயில், தனிக் கண்டென்சர். ஆக டைமிங்கும் இரண்டு தடவை வைத்தாக வேண்டும், இரண்டும் ஒத்துப் போகவும் வேண்டும். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு பிஸ்டன் உச்சியைத் தேடுகிறார்களே, அது வெறும் உத்தேசம், ஏனென்றால் உச்சிக்குப் பக்கத்தில் கிராங்க் (பிஸ்டனோடு சுழலும் தண்டு) திரும்பினாலும் பிஸ்டன் அசைவது கைக்குத் தெரியாது.

பாயிண்ட் திறக்க வேண்டியது டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு) 2 மி.மீ. முன்னால், அதாவது கிராங்க் சுற்றில் சுமார் 20 டிகிரி. அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு பிஸ்டன் நகர்வது வெறும் 0.2 மி.மீ.தான்! கேஜ் 0.01 மி.மீ. வரை காட்டுகிறது. இந்த வண்டியில் ஆட்டோ அட்வான்ஸ் (வேகத்துக்கேற்ப டைமிங்கைத் தானாக மாற்றும் அமைப்பு) கிடையாது, நாம் வைத்ததுதான் எல்லா வேகத்திலும் இருக்கும். அட்வான்ஸ் அதிகமானால், அதாவது தீப்பொறி ரொம்ப முன்னதாக வந்தால், நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

பயன்படுத்துவது சுலபம். முதலில் பாயிண்ட் கேப்பை (திறந்திருக்கும்போது உள்ள இடைவெளியை) 0.35 மி.மீ. அளவில் வைத்துவிடுங்கள், கேப் மாறினால் டைமிங்கும் மாறும். அடாப்டரை 14 மி.மீ. பிளக் ஓட்டையில் முறுக்கி, கிராங்கைச் சுற்றி முள் திரும்பும் இடத்தில் (அதுதான் டிடிசி) டயலைப் பூஜ்யமாக்கி, பின்னால் 3 மி.மீ. வரை போய், என்ஜின் ஓடும் திசையிலேயே 2 மி.மீ.க்கு வாருங்கள். பாயிண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்று மாட்டிச் சாவியைப் போட்டால், பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரியும்; அது 2 மி.மீ.யில் எரிந்தால் டைமிங் சரி. சாவியை ரொம்ப நேரம் ஆனில் விடாதீர்கள், பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடாகும். அப்புறம் கேஜைக் கழற்றி மறு சிலிண்டருக்கும் இதே வேலை. ஒன்றை வைத்தால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட வேண்டாம்.

நான் வாங்கியது பிராண்டு பெயர் எதுவும் போடாத கிட். கேஜ் நன்றாகவே இருக்கிறது, அடாப்டர்தான் சுமார். கேஜைப் பிடிக்கும் பக்கத்து ஸ்க்ரூ மெல்லிய பித்தளை, கொஞ்சம் தளர்ந்தாலும் கேஜ் மேலே ஏறிக்கொள்கிறது, பூஜ்யம் போய்விடுகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு நல்ல ஸ்டீல் ஸ்க்ரூ போட்ட பிறகு இந்தத் தொல்லை இல்லை. கேஜ் கம்பிக்கான எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் முனை பிஸ்டனைத் தொடாது.

பாயிண்டின் ஹீல் (சுழலும் கேமில் உரசும் பகுதி) தேயத் தேய கேப் குறைந்து டைமிங் பின்தங்கும், அதனால் புதுப் பாயிண்ட் போட்டவர்கள் கொஞ்ச தூரம் ஓட்டியதும் இன்னொரு தடவை கேஜை மாட்டிப் பாருங்கள்.