மெயில்பாக்ஸ் வாங்கும்போது முதலில் கதவை ஆட்டிப் பாருங்கள்

மிச்சிகனில் வீடு வாங்கும்போது கூரை, ஃபர்னஸ், பேஸ்மெண்ட் ஈரம் என்று எல்லாவற்றையும் ஆள் வைத்துச் சோதிக்கிறோம். தெருவோரம் நிற்கிற மெயில்பாக்ஸை மட்டும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது குளிர்காலத்தில் ஒருநாள் சாய்ந்த பிறகுதான் அதற்கும் இத்தனை வகை, இத்தனை விதி இருப்பது தெரியவருகிறது. எங்களுக்கு வீட்டை விற்றவர் விட்டுப்போனது, பெட்டியும் கம்பமும் ஒன்றாக வார்த்த பிளாஸ்டிக் வகை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கடும் குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போயிருக்கும் நேரம் பார்த்து சாலைப் பனியை ஒதுக்குகிற ஸ்னோ ப்ளவ் வண்டி ஒரு குவியல் பனியை வேகமாகத் தள்ளிவிட்டுப் போனது, பெட்டி கழுத்தோடு பிளந்துவிட்டது. கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் கேட்டால், ப்ளவ்வின் கத்தி நேராகப் பெட்டியில் பட்டால்தான் பணம், வீசிய பனி மோதியதற்குக் கிடையாது என்றார்கள். பனி விழும் பல ஊர்களில் விதி இதுதான், அதனால் சண்டை போட்டுப் பயனில்லை.

இப்போது நிற்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த பெரிய அளவு சாதாரணப் பெட்டி, நான்குக்கு நான்கு அங்குல மரக் கம்பத்தில். பூட்டு கிடையாது. அலங்காரமும் கிடையாது. இதைத்தான் வாங்கச் சொல்வேன். கம்பெனி பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் ஒரே கம்பெனியே 20 டாலருக்குத் தகரம் மாதிரி ஒன்றும், அதைவிட மூன்று மடங்கு விலையில் உருப்படியாக ஒன்றும் விற்கிறது. பெயரைப் பார்த்து எடுத்தால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

கடையில் நிற்கும்போது எல்லோரும் செய்வது, பெட்டியின் பக்கவாட்டில் தட்டிப் பார்த்துத் தகடு கனமா என்று பார்ப்பது. தகடும் முக்கியம்தான் (கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன், இது பலருக்குத் தலைகீழாகப் பதிந்திருக்கிறது). ஆனால் பெட்டி சாவது பக்கவாட்டில் இல்லை, கதவில். தினமும் தபால்காரர் ஒருமுறை, நாம் ஒருமுறை, பனியில் உறைந்திருந்தால் இழுத்துப் பிடித்து இன்னொருமுறை என்று திறக்கிற இடம் அது. கதவைப் பாதி திறந்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். கீல் என்பது தகட்டின் மூலையில் அடித்த இரண்டு ரிவெட் மட்டும்தான் என்றால் கதவு லொடலொட என்று ஆடும், சில வருடங்களில் அந்த ஓட்டை அகலமாகிக் கதவு ஒரு பக்கம் தொங்கும், அப்புறம் மழைத் தண்ணீர் உள்ளே போகும். கீழே முழு நீளத்துக்கும் ஒரே கம்பி ஓடுகிற கீல் இருந்தால் அதை எடுங்கள், அந்தக் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் இன்னும் நல்லது. கதவு மூடிய பிறகு அதன் மேல் விளிம்பு பெட்டிக்கு வெளியே கொஞ்சம் கவிந்து நிற்க வேண்டும். அடித்தட்டில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எங்கள் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற கதவு, குளிரில் கையுறையோடு திறக்க சுலபம். காந்தம் பலமாக இல்லாவிட்டால் காற்று அடிக்கும்போது திறந்துகொள்ளும், அதையும் கடையிலேயே சோதித்துவிடலாம்.

அனுப்ப வேண்டிய தபால் உள்ளே இருக்கிறது என்று தபால்காரருக்குக் காட்டத் தூக்கி வைக்கிற சிவப்புக் கொடி பிளாஸ்டிக்காக இருந்தால் அதுதான் முதலில் உடையும். அலுமினியக் கொடி கேளுங்கள். கொடியின் நிறத்துக்குக்கூட அஞ்சல் துறை விதி வைத்திருக்கிறது: பச்சை, பழுப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் எதுவும் கூடாது, பளிச்சென்ற ஆரஞ்சு என்றால் அவர்களுக்கு மகிழ்ச்சி. இந்த நீள் வளைவு வடிவமே 1915-ல் ராய் ஜோரோல்மன் என்ற அஞ்சல் துறைப் பொறியாளர் வரைந்தது. நூறு வருடம் தாண்டியும் அதை மிஞ்சி ஒன்றும் வரவில்லை என்பேன், வளைந்த கூரையில் பனி தங்காது. தட்டைக் கூரையோடு வருகிற நவீன டிசைன்கள் படத்தில் அழகு, டிசம்பரில் தலையில் பனிமூட்டையோடு நிற்கும்.

உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கம் சாலையில் கொட்டுகிற உப்புக்குக் கணக்கே இல்லை, டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உப்புச் சேறு கார் சக்கரத்திலிருந்து தெறித்துப் பெட்டியின் வயிற்றில் படிகிறது. வெறும் பெயிண்ட் அடித்த இரும்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து துரு கிளம்பும். துத்தநாகம் பூசி அதற்கு மேல் பவுடர் கோட்டிங் கொடுத்ததுதான் இந்தக் காசுக்கு நல்ல தேர்வு. வார்ப்பு அலுமினியம் துருவே பிடிக்காது, அழகும் கூட, விலை எகிறும். டெக்சாஸ், அரிசோனா மாதிரி வெயில் ஊர்களில் இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை, அங்கே பிளாஸ்டிக்கின் எதிரி சூரியன்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பல வீடுகளில் பெட்டி கழன்று விழ இதுதான் காரணம். கடையில் கிடைக்கும் மருந்து ஏற்றிய மரத்தில் இப்போது செம்புச் சத்து அதிகம், சாதாரண இரும்புத் திருகாணியை அது அரித்துவிடும். பெட்டியோடு பொட்டலத்தில் தருகிற திருகாணிகளை அப்படியே முடுக்காதீர்கள், வெளிப்புற மரவேலைக்கென்று தடிமனாகத் துத்தநாகத்தில் முக்கியெடுத்த திருகாணி தனியாக வாங்குங்கள். சில டாலர் சமாச்சாரம். அலுமினியப் பெட்டியாக இருந்தால் மரத்தில் நேராகப் படாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்துவிடுங்கள்.

சரி, கம்பத்துக்கு வருவோம். விதிப்படி பெட்டியின் அடிப்பாகம் சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், கதவு கர்ப் (சாலையோரக் கட்டை) விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளே தள்ளி. தபால் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம், ஓட்டுபவர் இறங்காமல் ஜன்னல் வழியாகக் கை நீட்டிப் போட வசதியாகத்தான் இந்த அளவு. கம்பம் நான்குக்கு நான்கு அங்குல மரமாகவோ இரண்டு அங்குல விட்டமுள்ள குழாயாகவோ இருக்கலாம், 24 அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. இங்கேதான் மிச்சிகன்காரர்களுக்குச் சிக்கல். நம் ஊரில் வீட்டு அஸ்திவாரத்தை 42 அங்குலம் இறக்கச் சொல்வது மண் அந்த ஆழம் வரை உறையலாம் என்பதால். அப்படியென்றால் 24 அங்குலத்தில் நிற்கிற கம்பத்தை உறைபனி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் தூக்கும், வசந்தத்தில் கொஞ்சம் சாய்க்கும், தப்பிக்க வழியில்லை. குழியின் வாயில் காளான் மாதிரி விரிகிற கான்கிரீட்டை ஊற்றினால் பனி அதையே பிடித்து இன்னும் தூக்கும். நான் போட்டது அடியில் ஜல்லி, சுற்றிலும் ஜல்லியை இடித்து இறுக்கியது, அவ்வளவுதான். ஏப்ரலில் மண் இளகியதும் கம்பத்தை நேராக்கி மறுபடி இடித்துவிட்டால் வேலை முடிந்தது. தோண்டும் முன் 811-க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள், கேஸ் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று இலவசமாகவே வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

அசையாத கம்பம்தான் உறுதி என்று நினைப்பவர்களுக்கு: அதைத்தான் அஞ்சல் துறை வேண்டாம் என்கிறது. கார் மோதினால் கம்பம் விழ வேண்டும் அல்லது வளைய வேண்டும். கான்கிரீட் நிரப்பிய பால் கேனில் பெட்டியை நிறுத்தாதீர்கள் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், அப்படி நிறுத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒஹையோவில் ஒருவர், பெட்டியைத் திரும்பத் திரும்ப யாரோ உடைத்துவிட்டுப் போகிறார்கள் என்று கனமான இரும்புக் குழாயை ஆழமாக நட்டு அதில் பெட்டியைப் பொருத்தினார். பனிக்கட்டியில் சறுக்கிய ஒரு வண்டி அதில் மோதியது, ஓட்டியவருக்குக் கைகால் செயலிழந்தது. வழக்கு ஒஹையோ உச்ச நீதிமன்றம் வரை போய் 2021-ல் வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. தீர்ப்பு சாதகமாகவே வந்தாலும், அந்தக் கம்பத்தைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. பேஸ்பால் மட்டையோடு காரில் வந்து பெட்டியை அடித்துவிட்டுப் போகிற விடலைகளுக்கு மூன்று வருடம் வரை சிறை என்று மத்திய சட்டமே இருக்கிறது, புகார் கொடுங்கள். ப்ளவ் தொல்லை அதிகமுள்ள சாலையென்றால், மோதினால் சுழன்று விலகித் திரும்ப வருகிற கம்பி ஆர்ம் கிடைக்கிறது, மின்னசோட்டா பக்கம் நிறையப் பார்க்கலாம். கம்பத்தில் ஒளி பிரதிபலிக்கிற பட்டை ஒன்று ஒட்டினால், விடிவதற்கு முன் வருகிற ப்ளவ் ஓட்டுநருக்குப் பெட்டி கண்ணில் படும்.

பூட்டுப் பெட்டி வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செக்கைத் திருடி மையைக் கழுவிப் பணம் எடுக்கிற கூட்டம் பெருகியிருப்பதால் கேள்வி நியாயமானதுதான். மெயில் பாஸ் மாதிரிப் பெயர் வாங்கிய பெட்டிகள் நூறு டாலருக்கு மேல். சாவியைத் தபால்காரர் வாங்கிக்கொள்ள மாட்டார், அதனால் குறைந்தது 1.75 அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் உள்ள துளை வேண்டும், அதன் வழியாகத்தான் எல்லாம் விழ வேண்டும். சின்னப் பார்சல்கூட வாசலுக்கு வரும் அல்லது திரும்பிப் போகும். பெட்டியும் கனம், இருக்கிற பழைய கம்பம் தாங்காது. தினமும் சாயங்காலம் தபாலை எடுக்கிறவர்களுக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். செக் அனுப்புவதாக இருந்தால் கொடியைத் தூக்கி வைத்து ராத்திரி முழுக்கப் பெட்டியிலேயே விட்டுவைக்காமல் போஸ்ட் ஆபீஸில் போய்ப் போடுங்கள், அந்தக் கொடி திருடனுக்கும் தெரியும். அஞ்சல் துறையின் இன்ஃபார்ம்டு டெலிவரி என்ற சேவையில் பதிந்தால் அன்றைக்கு வரப்போகும் கடிதங்களின் படம் காலையிலேயே ஈமெயிலில் இலவசமாக வரும், எது காணாமல் போனது என்று தெரியும். வாரக்கணக்கில் இந்தியா போய்வருகிறவர்கள் பூட்டுப் பெட்டிக்குப் பதிலாகத் தபாலை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுப் போகலாம்.

அளவில் பெரியதையே எடுங்கள், சின்ன அளவில் கேட்லாக் ஒன்று வந்தாலே மற்றதெல்லாம் கசங்கும். பெரியதில் ஒரு தொல்லை, கோடையில் குளவிகள் குடிவந்துவிடும், கதவுக்குள் கை விடுவதற்கு முன் எட்டிப் பாருங்கள். வீட்டு எண் குறைந்தது ஒரு அங்குல உயரத்தில், தபால் வண்டி வருகிற பக்கம் தெரிகிறபடி.

எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள குடியிருப்பு என்றால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஒரே மாதிரி கறுப்பு அலுமினியப் பெட்டிதான், நிறத்தைக்கூட மாற்ற விடமாட்டார்கள். புதிய குடியிருப்புகளில் தெருமுனையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்துப் பூட்டுப் பெட்டி வரிசை வைத்துவிடுகிறார்கள், அங்கே வீடு வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, பனியில் தெருமுனை வரை நடக்க வேண்டும் என்பதைத் தவிர.