மேடைக்கு யூவெர்ஷனா, அச்சு வேதாகமமா? வசனம் வாசிப்பவர்களுக்காக ஒரு மதிப்பீடு

யூவெர்ஷன் பைபிள் செயலி நல்லதா என்று கேட்டால் பதில் சுலபம்: நல்லது. 2008 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்தபோதே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருக்கும் லைஃப்.சர்ச் என்ற சபை நடத்துகிறது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. தனியாக உட்கார்ந்து வாசிப்பவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மதிப்பீடு வேறு ஆட்களுக்கு. ஞாயிறு ஆராதனையில் பாடம் வாசிப்பவர்கள், உபதேசியார்கள், அடக்க ஆராதனைக்கும் ஆஸ்பத்திரி வார்டுக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் வேதத்தோடு போகிறவர்கள். "சமயம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் ஜாக்கிரதையாய்த் திருவசனத்தைப் பிரசங்கம்பண்ணு" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். சமயம் வாய்த்தால் எந்தச் செயலியும் வேலை செய்யும். கரண்ட் போய், டவரும் போய், கல்லறைத் தோட்டத்தில் தூறலில் நிற்கும்போது அது என்ன செய்கிறது என்பதுதான் இங்கே பரீட்சை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பையில் செயலி இருக்கட்டும், மேடையில் புத்தகம் இருக்கட்டும். காரணங்கள் கீழே.

நெட் இல்லாமல்

பலர் ஏமாறும் இடம் இது. செயலி போனில் இருப்பதும் வேதாகமம் போனில் இருப்பதும் ஒன்றல்ல. நிறுவியதும் வருவது பெரும்பாலும் இணையத்திலிருந்து இழுத்துக் காட்டப்படும் பக்கம்தான். தமிழில் இந்திய வேதாகமச் சங்கத்தின் பழைய பதிப்பு, இந்தியத் திருத்திய பதிப்பு, ஈஸி டு ரீட் பதிப்பு எனச் சில இருக்கின்றன. பதிப்புப் பட்டியலைத் திறந்து, வேண்டியதன் பக்கத்தில் இருக்கும் பதிவிறக்கக் குறியைத் தனியாகத் தட்ட வேண்டும். உரிமை வைத்திருப்பவர் அனுமதித்த பதிப்புகளுக்கு மட்டுமே அந்தக் குறி இருக்கும்.

இறங்கிவிட்டதா என்று பார்க்க, நேற்று வாசித்த அதிகாரத்தைத் திறந்து பார்ப்பது சோதனையே அல்ல. அது நினைவகத்தில் தங்கியிருக்கும். விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையையும் அணையுங்கள், செயலியை முழுக்க மூடிவிட்டு மறுபடி திறங்கள், இதுவரை தொடாத ஒன்றுக்குப் போங்கள். ஆபகூக் 2, பிலேமோன், எஸ்றா 2 மாதிரி. வந்தால் சரி. புது போன் மாற்றிய பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கணக்கில் நுழைந்தவுடன் அடிக்கோடுகளும் குறிப்புகளும் திரும்பி வந்துவிடும். இறக்கிவைத்த பதிப்பும் கூடவே வந்திருக்கும் என்று நம்பிப் போவதுதான் ஆபத்து.

மேடையில் போன்

சாய்மேடையில் வைத்த போனுக்கும் கண்ணுக்கும் நடுவே சுமார் இரண்டடி தூரம். அந்தத் தூரத்தில் தடுமாறாமல் வாசிக்க எழுத்தைப் பெரிதாக்கத்தான் வேண்டும். பெரிதாக்கினால் திரையில் நான்கு வசனம் நிற்பதே அதிகம். பழைய பதிப்பின் தமிழில் "திரும்பிவரப்பண்ணும்படி" போன்ற நீளமான சேர்க்கைகள் ஏராளம். ஒரு வரிக்கு இரண்டு சொல், மூன்று சொல் என்று உடைந்து நிற்கும். எபேசியர் முதலாம் அதிகாரத்தை இப்படி வாசித்துப் பாருங்கள். வாக்கியம் முடிவதற்குள் பல தடவை விரலால் தள்ள வேண்டும். தள்ளும் நேரத்தில்தான் ஒரு வரி விட்டுப்போகும், அல்லது அதே வரி இரண்டாம் முறை வரும். கேட்பவர்களுக்கு அர்த்தம் அறுந்துவிடும்.

இன்னொன்று, விரல் பக்கவாட்டில் போனால் அடுத்த அதிகாரம் வந்துவிடும். ரோமர் 8இன் நடுவில் இருந்தவர் 9இல் நிற்பார். அதைச் சபைக்குத் தெரியாமல் சரிசெய்வது கஷ்டம்.

போன்தான் வழி என்றால் இவை குறைந்தபட்சம்: விமானப் பயன்முறை, வைஃபையும் அணைத்து (அழைப்பும் வராது, வாட்ஸ்அப் தலைப்பும் மேலே விழாது), திரை தானாகத் திரும்புவதை நிறுத்துவது, திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக்குவது. ஐபோனில் தானாகப் பூட்டுவதை "ஒருபோதும் வேண்டாம்" என்று வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ் போட்டுவிட்டால் தவறித் தட்டினாலும் செயலியை விட்டு வெளியே போகாது. டேப்லெட் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பத்து அங்குலத் திரையில் பெரிய எழுத்திலும் ஒரு பத்தி முழுசாக நிற்கும்.

மேலே ஏறும் முன் திரையில் பதிப்பின் சுருக்கப் பெயரைப் பாருங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டித் திறந்திருந்தால், அந்த இணைப்பில் குறித்த பதிப்பில்தான் செயலி நிற்கும். சபையார் மடியில் பழைய பதிப்பு இருக்க, வாசிப்பவர் வேறொன்றை வாசித்தால் மூன்றாம் வசனத்திலேயே தலைகள் நிமிர ஆரம்பிக்கும். கத்தோலிக்கத் திருப்பலியில் இந்தப் பிரச்சினை இன்னும் அடிப்படையானது. அங்கே 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கிறது. பழைய பதிப்பில் 66 நூல்கள்தான். சீராக்கின் ஞானமோ தோபித்தோ அன்றைய வாசகமாக இருந்தால் அதில் தேடிக்கொண்டே இருக்கலாம். வாசக மேடையில் வாசக நூல் இருக்கும்போது போனை எடுப்பதற்கே அவசியமில்லை.

புதிய பதிப்புகளில் பத்திகளுக்கு மேல் இருக்கும் உபதலைப்புகளை வாசிக்க வேண்டாம். அவை பதிப்பாளர் போட்டவை. சங்கீதத்தின் தலையில் வரும் "இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட" என்பது அப்படியல்ல, அது மூலத்தில் உள்ளது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிவது குழப்பம்தான்.

வெயில், மழை, காற்று

கல்லறைத் தோட்டத்தில் உச்சி வெயிலில் போன் சூடேறினால் திரை தானாக மங்கும். இருள் தோற்றத்தில் வைத்திருந்தால் ஒன்றுமே தெரியாது. வெளியில் வெள்ளைப் பின்னணி, இரவு வார்டில் கறுப்புப் பின்னணி என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மழைத்துளி விழுந்தால் திரை அதை விரலாக எடுத்துக்கொண்டு தானே நகரும். ஈரக்கையால் தொட்டால் நகராது. இரண்டு பக்கமும் தொந்தரவு.

புத்தகமும் மழைக்கு ஆகாது, தாள் மெல்லிசு. ஆனால் கண்ணாடித்தாள் உறையில் திறந்த பக்கத்தோடு போட்டுவிட்டால் ஒரு அதிகாரம் நிம்மதியாக வாசிக்கலாம். காற்றுக்கு இடம் வலம் இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போதும். ரிப்பன் மட்டும் நம்பிப் போனால், திறந்ததும் பக்கம் புரண்டுவிடும்.

அச்சுப் புத்தகம் வாங்கும்போது

பெரிய எழுத்துப் பதிப்பு என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். கடையிலேயே ரோமர் 16ஐத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, பெயர்களை உரக்க வாசியுங்கள். திணறினால் அந்த எழுத்து உங்கள் மேடைக்குப் போதாது. ஆதியாகமம் 1இலும் வெளிப்படுத்தல் 22இலும் திறந்து மேசையில் வையுங்கள். தானே மூடிக்கொண்டால் வேண்டாம். தைத்த கட்டு படிந்து கிடக்கும். பசை மட்டும் போட்ட கட்டு முதுகில் உடைந்து, முதலில் விழுவது ஆதியாகமமாகத்தான் இருக்கும். பின்பக்க எழுத்து தெரிகிறதா என்று குழல் விளக்குக்குக் கீழே பாருங்கள், கடை வாசல் வெளிச்சத்தில் அல்ல.

எழுத்தின் அளவுக்கும் காகிதத்துக்கும் நடக்கும் இந்த இழுபறி தமிழ் வேதாகமத்தின் வயதுடையது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் காலத்தில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்த்துத்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள்.  பெரிய எழுத்துக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்களே என்று கடையில் முணுமுணுப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

புத்தகத்தில் பென்சிலால் தொடக்கமும் முடிவும் குறிக்கலாம், மூச்சு எடுக்கும் இடத்தில் சிறு கோடு போடலாம். பழைய பதிப்பின் அரைப்புள்ளிகள் இதற்கு அருமையான வழிகாட்டி. காற்புள்ளியில் தயங்கி அரைப்புள்ளியில் மூச்சு எடுத்தால் நீண்ட வாக்கியமும் பிழைத்துவிடும். நெகேமியா 8இல் நியாயப்பிரமாணத்தைத் "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்" என்று இருக்கிறது. அதே அதிகாரத்தில் நாலாம் வசனத்தில் மத்தித்தியா, செமா, அனாயா, உரியா, இல்க்கியா என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். அங்கே வேகத்தைக் கூட்டி மெல்லுவது வாசகர்களின் பழைய நோய். முந்தின நாள் மூன்று தடவை உரக்க வாசித்தால் தீரும். இதற்குச் செயலியின் ஒலி வேதம் உண்மையிலேயே உதவும், பெயர்களை ஒருவர் சொல்லக் கேட்டுப் பழகலாம்.

வசனப் படம்: செயலியின் பெரிய குறை

யூவெர்ஷனில் ஒரு வசனத்தைத் தொட்டு, பின்னணியில் மலையோ கடலோ வைத்துப் படமாக்கி அனுப்பும் வசதி உண்டு. தினமும் ஒரு வசனமும் தானாக வரும். கஷ்டகாலத்தில் அதிகம் பயன்படுவது இதுதான். அதிகம் கெடுப்பதும் இதுதான்.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலை போனவருக்கும் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவருக்கும் முதலில் போவது இந்தப் படம்தான். ஆனால் இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். படத்துக்கு வெளியே நிற்பது பத்தாம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு. ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. அதாவது சீக்கிரம் ஊர் திரும்ப மாட்டீர்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஜனங்கள் கேட்க விரும்பியதைச் சொல்கிறான். எரேமியா அவனை எதிர்த்து நிற்கிறான். பதினோராம் வசனத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறவர், எரேமியாவின் வார்த்தையை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்லிவிடுகிறார். கேட்க ஆசைப்படுவதையே கேட்க அலைகிறவர்களைப் பவுல் "செவித்தினவுள்ளவர்களாகி" என்று எழுதியது, தொடக்கத்தில் சொன்ன "சமயம் வாய்த்தாலும்" வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே, 2 தீமோத்தேயு 4:3இல்தான்.

"எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிற பிலிப்பியர் 4:13க்கும் இதே கதி. பரீட்சைக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் போகிறது. பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்கிற பன்னிரண்டாம் வசனம் அதோடு போவதில்லை.

குறை செயலியிடம் மட்டும் இல்லைதான். ஆனால் படம் செய்வது இரண்டு தட்டு, முழுப் பத்தியை அனுப்புவது கூடுதல் வேலை என்று அமைத்திருப்பது அவர்கள். நல்ல வேளையாக, பல வசனங்களைத் தொட்டுத் தேர்ந்து எழுத்தாகவே பகிரலாம். அப்போது இடமும் பதிப்பும் அதிகாரத்துக்கான இணைப்பும் கூடவே போகும். எரேமியா 29:4 முதல் 14 வரை அப்படி அனுப்பினால் ஒரு வாட்ஸ்அப் செய்தி நீளம்தான். உங்களுக்கு வரும் வசனப் படங்களையும் இதிலேயே சரிபார்க்கலாம். வசன எண் மாறிய படங்கள், வேதத்தில் இல்லவே இல்லாத "வசனங்கள்" எல்லாம் குழுக்களில் சுற்றுகின்றன. படத்தின் மூன்று நான்கு சொல்லைத் தேடலில் போடுங்கள். எழுத்துக்கூட்டல் பழைய பதிப்பின்படியே இருக்க வேண்டும் ("பெலன்", "பலன்" அல்ல), இல்லாவிட்டால் இருக்கிற வசனமும் வராது.

வார்டில் ஒலி

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்து, ஏப்ரல் 12 ஈஸ்டருக்கும் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது, வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்த வீடுகளில் ஒலி வேதம்தான் கைகொடுக்கக்கூடியதாக இருந்தது. இப்போதும் படுத்திருப்பவர்களுக்கு இது செயலியின் சிறந்த பகுதி. வேகத்தைக் குறைக்கலாம், தூங்கும்போது நிற்க நேரம் குறிக்கலாம். ஆனால் எழுத்தைப் போல் ஒலி போனில் இறங்கி உட்காராது, நெட் வேண்டும். நெட் வராத வார்டு என்றால் பைபிள்.இஸ் செயலியில் ஒலியையே முன்கூட்டி இறக்கிக்கொண்டு போவது மேல். சில பதிவுகள் பின்னணி இசையும் பல குரலும் சேர்ந்த நாடகப் பாணி. சிலுவைப்பாடு அதிகாரத்தில் கூட்டத்தின் கூச்சல் கேட்டு நோயாளி பதறுவார். முதலில் நீங்கள் கேட்டுப் பாருங்கள். பக்கத்துக் கட்டிலுக்குத் தொந்தரவு ஆகாமல் ஒற்றைக் காதுக்கு இயர்போன், ஒலி பாதிக்குக் கீழே. சங்கீதம் 121 எட்டே வசனம். நோயாளிக்கு ஒரு தடவைக்கு அவ்வளவு போதும். அதையும் முடிந்தால் ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே வாசியுங்கள்.