மியூசிக் ப்ரொடக்‌ஷன் முதுகலை: முடித்து நான்கு வருடம் கழித்து, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மியூசிக் ப்ரொடக்‌ஷன் எம்.ஏ. படித்து முடித்து நான்கு வருடம் ஆகிறது. முடித்த கையோடு எழுதியிருந்தால் அங்கிருந்த பெரிய மிக்ஸிங் கன்சோலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது உட்கார்ந்தால் ஒரு நோட்டுப் புத்தகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியத்துக்கு மலையாளம், ஏதாவது வாங்க வேண்டுமென்றால் பொள்ளாச்சி. 1928இல் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி எங்களுக்குப் பக்கம்தான். அதனால் இசை படிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் யாரும் தடுக்கவில்லை. "படிச்சுட்டு வந்து என்ன வேலைங்க?" என்று மட்டும் கேட்டார்கள். ஞாயமான கேள்வி. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கிப் போனேன். தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே முதுகலை என்றால் ஒரே வருடம், மொத்தம் 180 கிரெடிட். எங்களுக்கு 120 பாடங்களுக்கு, 60 கடைசி ப்ராஜெக்ட்டுக்கு. விளம்பரப் படங்களில் பார்த்த ஸ்டுடியோ நிஜமாகவே இருந்தது. ஆனால் எனக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஒரு நாலு மணி நேரம், அதுவும் முன்கூட்டியே எழுதி வைத்தால். மைக் வைத்து, கேபிள் இழுத்து, லெவல் பார்ப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். கட்டணத்தை அந்த மணிநேரங்களால் வகுத்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சேரும் முன் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

உருப்படியாக நின்றது இரண்டு. ஒன்று, காதுப் பயிற்சி. பிங்க் நாய்ஸை (எல்லாச் சுருதியும் கலந்த ஒரு சீரான இரைச்சல்) ஓடவிட்டு, 63, 125, 250, 500 ஹெர்ட்ஸ் என்று போகும் பட்டைகளில் ஏதோ ஒன்றை உயர்த்துவார்கள். எது உயர்ந்தது என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லாம் ஒரே இரைச்சல். இரண்டு மாதத்தில் 250 உயர்ந்தால் நெஞ்சுக்குள் அடைப்பது போலவும், 4,000 உயர்ந்தால் பல் கூசுவது போலவும் உடம்பே சொல்ல ஆரம்பித்தது. இன்றும் காலையில் டீ குடித்த பிறகு இருபது நிமிடம் இதைச் செய்கிறேன். பத்து நாள் விட்டால் காது மழுங்கிவிடுகிறது.

இன்னொன்று அந்த நோட்டு. ஒவ்வொரு பதிவுக்கும் எந்த மைக், எத்தனை சென்டிமீட்டர் தூரம், ஏன் அங்கே வைத்தேன், மறுநாள் கேட்டபோது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். அதற்கு மார்க் உண்டு. பாட்டு செய்ய வந்தவர்களைக் கணக்குப்பிள்ளை ஆக்குகிறார்களே என்று அப்போது எனக்குக் கோபம்.

ஊருக்குத் திரும்பிய முதல் வருடம், பெருவெம்பில் வாங்கிய புது மிருதங்கத்தோடு ஒரு ஆசான் வீட்டுக்கு வந்தார். பெருவெம்பு தெரியாதவர்களுக்கு: பாலக்காட்டுக்குப் பக்கத்தில், மிருதங்கம், மத்தளம், செண்டை எல்லாம் செய்கிற ஊர். தன் தனி ஆவர்த்தனத்தைப் பதிந்து பேரனுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். வலந்தலைக்கு (வலது பக்கத் தோல்) ஒரு மைக், தொப்பிக்கு (இடது பக்கத் தோல்) ஒரு மைக், இரண்டும் ஒரு சாண் தூரத்தில். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நன்றாக இருந்தது. சேர்த்துத் திறந்தால் தொப்பியின் கும்கி, அந்த வளைந்து எழும் அடிநாதம், காணாமல் போனது. ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு ஆசான் கேட்டார்:

"கண்ணு, தொப்பி எங்க போச்சு?"

ஈக்யூவில் (தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அடிப்பகுதியை ஏற்றினேன். சத்தம் வீங்கியதே தவிர நாதம் வரவில்லை. அவர் நாதத்துக்காகத் தொப்பியில் அப்பியிருந்த ரவையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்துவிட்டதோ என்று. தப்பு தன் வாத்தியத்தில் இருக்குமோ என்று அவர் நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் நோட்டை எடுத்துப் புரட்டினேன். அங்கே டிரம்ஸ் பதிந்த நாளில் என் கையெழுத்தில் இருந்தது: "ஸ்னேர் டிரம்முக்கு மேலேயும் கீழேயும் மைக். சேர்த்தால் அடிநாதம் போகிறது. கீழ் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பியதும் வந்தது."

அதே கதைதான் இது. ஒரு தோலில் அடி விழும்போது அது மைக்கை விட்டு உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் காற்று மறுபக்கத் தோலை வெளியே, அந்தப் பக்க மைக்கை நோக்கித் தள்ளுகிறது. ஒரே அடியை ஒரு மைக் பள்ளமாகவும் இன்னொன்று மேடாகவும் எழுதிக்கொள்ள, கூட்டினால் கீழ்நாதம் கழிந்துபோகிறது. மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் திருப்பிப் போடுவதுதான் போலாரிட்டி பட்டன். தொப்பி மைக்குக்கு அதை அழுத்தினேன். ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. ரவையை நனைத்து மறுபடி அப்பி, நாலு முறை "தீம்" கொடுத்தார். பிறகு, "ம், வந்துருச்சு."

புறப்படும்போது, மிருதங்க மேதை பாலக்காடு மணி அய்யருக்கு மைக் வைத்த மேடை பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். வலது கைக்கும் இடது கைக்கும் நடுவில் ஒரு கலைஞன் ஆயுசெல்லாம் கட்டிய அளவை, ஒரு பட்டன் தெரியாதவன் கெடுத்துவிடலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி வீட்டு அறை. பத்துக்குப் பத்து அடி. சதுர அறை சத்தத்துக்கு ஆகாது என்று வகுப்பில் படித்தேன். இங்கே வாழ்ந்து பார்த்தேன். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸில் அது தேங்குகிறது. நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரட்டிப்பாகத் தேங்குகிறது. பேஸ் கிட்டாரின் ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மூலையில் நின்றால் குமுறும், நடு அறையில் நின்றால் இருக்கவே இருக்காது. முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அலைவரிசையில் அது ஒன்றும் செய்யாது. மூலைகளில் கனமான ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார் போன்ற பஞ்சு) அடைத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னந்தோப்பைப் பிடித்து உலுக்கும். அந்த நாட்களில் பாட்டுப் பதிவு ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான். கரண்டில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவேன். இதையெல்லாம் எந்த முதுகலையும் சொல்லித்தராது. ஆனால் உறுமல் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பொறுமை அங்கே கிடைத்ததுதான்.

கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டு என்று வருகிறவர்கள் "இன்னும் சத்தமா வெய்ங்க" என்பார்கள். ஸ்பாட்டிஃபை இயல்பிலேயே -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமப்படுத்தும், ஏற்ற இறக்கத்தை நசுக்கிச் சத்தத்தை ஏற்றினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள் என்று பக்கத்தில் உட்காரவைத்து இரண்டையும் ஒரே அளவில் கேட்கவிடுவேன். முக்கால்வாசிப் பேர் நசுக்காததைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பயன்படாதவை: சுற்றிலும் தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைத்த 7.1.4 அட்மாஸ் அறையில் பன்னிரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே கழித்த வாரங்கள். ஒரு வேலைகூட அதில் வரவில்லை. பதிப்புரிமைப் பாடம் முழுக்க அந்த நாட்டுச் சங்கங்களைப் பற்றியது. நம் 2012 சட்டத்திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தந்த ராயல்டி உரிமையை, அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸின் நடைமுறையை எல்லாம் வந்த பிறகு நானே படித்துக்கொண்டேன். வருடம் முழுக்கக் கேட்கவைத்த மாதிரிப் பாட்டுகளில் ஒரு மிருதங்கம்கூட இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மென்பொருள் கற்கத்தான் போகிறீர்கள் என்றால் போகாதீர்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் சும்மாவே ஓட்டிப் பார்க்கலாம், சிறிய அளவில் தொழில் செய்பவர்களுக்கு லைசென்ஸ் 60 டாலர். சினிமா ஒலிதான் ஆசை என்றால் புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் படிப்பு வேறு பாதை, அதைப் பாருங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் மிக்ஸ் செய்து, ஏன் சரியாக வரவில்லை என்று தெரியாமல் தவிக்கிறவருக்குத்தான் இந்தப் படிப்பைச் சொல்வேன். சேரும் முன் மெயிலில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி ஸ்டுடியோ? ராத்திரி திறந்திருக்குமா? நம் ஊர் இசையைக் கடைசி ப்ராஜெக்ட்டாகச் செய்தால் அதைக் கேட்டு மதிப்பிட ஆள் உண்டா? மூன்றாவதற்கு எனக்கு அங்கே ஆள் இல்லை.

காற்று நின்றதும் ஐப்பசியில் ஒரு கண்யார்களிக் (பாலக்காட்டுக் கோயில் ஆட்டம்) குழுவைப் பதியப் போகிறேன். தமிழும் மலையாளமும் கலந்த பாட்டுகள். இருபது பேர் சுற்றி ஆடிக்கொண்டே பாடுவார்கள், என்னிடம் இருப்பதோ இரண்டு இன்புட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு மைக்தான். வட்டத்தின் நடுவில் விளக்கு இருக்கும், மைக் வைக்க முடியாது. எங்கே வைப்பதென்று நோட்டில் இதுவரை மூன்று படம் வரைந்திருக்கிறேன்.