கொலஸ்ட்ரால் மரபணுச் சோதனை: ஒற்றை மரபணுப் பேனலா, பலமரபணு ஸ்கோரா?

எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 190 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டி நிற்கிறது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருக்கிறது என்றால் என் ஓட்டு பேனலுக்குத்தான். ஆனால் எதற்கும் முன்னால் தைராய்டு குறைபாடு, சிறுநீரில் புரதம் போவது, பித்த அடைப்பு ஆகிய மூன்றும் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இவையும் எல்டிஎல்லை ஏற்றிவிடும். ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவர் மருந்துக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தேடி எடுக்கட்டும். முழு வீரிய மருந்து எல்டிஎல் அளவைப் பாதியாக்கும் என்பதால், இன்றைய 110-க்குப் பின்னால் 220 ஒளிந்திருக்கலாம்.

பேனல் எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்து, ஏதாவது ஒன்றில் இருந்தாலே எல்டிஎல்லை ஏற்றிவிடும் அரிய பிறழ்வை (மரபணு மாற்றத்தை) தேடும். ஸ்கோரோ, பலரிடமும் காணப்படும் லட்சக்கணக்கான சிறு மாற்றங்களைக் கூட்டி ஆபத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் கணக்கு.

அரிய பிறழ்வுக்கு ஏன் இவ்வளவு எடை? எல்டிஎல் 130-க்குக் கீழே, பிறழ்வும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டு 2016-ல் வந்த ஆய்வு ஒன்று, 190-ஐத் தாண்டியவர்களுக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு 6 மடங்கு என்றது. அதோடு பிறழ்வும் இருந்தால் 22 மடங்கு. ரத்தத்தில் இன்று ஒரே அளவுதான். ஆனால் பிறழ்வு உள்ளவரின் தமனி பிறந்த நாளிலிருந்தே அதைச் சுமக்கிறது. அதே ஆய்வில் 190-ஐத் தாண்டியவர்களில் சுமார் 2 சதவீதத்தினரிடம்தான் பிறழ்வு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். குடும்ப வரலாறு இல்லாமல் பேனல் போட்டால் பெரும்பாலும் வெறுங்கைதான்.

பேனலா, ஸ்கோரா என்ற முடிவைத் தீர்மானிப்பது உறவினர் சோதனை. ஒருவரிடம் பிறழ்வு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு. அவர்களுக்கு முழுப் பேனல் வேண்டாம், அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். எல்டிஎல் 150, 160 என்று நடுவில் நிற்கும் தம்பியை ரத்தப் பரிசோதனை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, இது பிரித்துவிடும். இதற்கு முதல் ஆளின் ரிப்போர்ட் நகல் கட்டாயம் வேண்டும்: மரபணுவின் பெயர், டிஎன்ஏ மாற்றத்தின் குறியீடு இரண்டும் அதில் இருக்க வேண்டும். ‘பாசிட்டிவ்’ என்று வாயால் சொன்னால் லேப் எங்கே தேடும்? ஸ்கோரில் இந்த வசதியே கிடையாது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் அண்ணனுக்கும் தங்கைக்கும் வேறு வேறு எண் வரும்.

பேனல் சறுக்கும் இடங்களும் உண்டு. எல்டிஎல்ஆர் மரபணுவின் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் எழுத்தெழுத்தாகப் படிக்கும் சாதாரண வரிசைப்படுத்தல் அதைத் தவறவிடலாம். துண்டு இழப்பு, இரட்டிப்பு இரண்டையும் பார்க்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். ‘முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்’ என்று வந்தால் அதை வைத்து உறவினர்களைத் தரம் பிரிக்கக் கூடாது. ஓரிரு ஆண்டு கழித்து மறுபகுப்பாய்வு கேட்கலாம். குதிகால் தசைநாரில் கொழுப்புக் கட்டி, 300-க்கு மேல் எல்டிஎல் என்று அறிகுறிகள் தெளிவாக இருப்பவருக்கு ‘நெகட்டிவ்’ வந்தால் மருந்தை நிறுத்தக் காரணமில்லை.

ஸ்கோருக்கும் ஓர் இடம் உண்டு. குடும்ப வரலாறு இல்லை, நாற்பதை ஒட்டிய வயது, ஸ்டாட்டின் தொடங்கலாமா என்ற இழுபறி: அங்கே அது தராசை ஒரு பக்கம் சாய்க்கும். ஆனால் பெரும்பாலான ஸ்கோர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானவை, மற்றவர்களுக்குத் துல்லியம் குறையும். ஒரே ஆளுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் நடக்கும்.