நோட்டோ செரிஃப் டிஸ்ப்ளே கண்டென்ஸ்ட்: பெருசாப் போட்டாத்தான் வடிவு

காசு குடுத்து வாங்கிற ஃபொன்ட் மாதிரியே வடிவா இருக்கிற ஒண்டு சும்மா கிடைக்குது, திருமலையில போட், பனர், கலியாண காட் டிசைன் செய்யிற ஆக்கள் கட்டாயம் இறக்கி வையுங்கோ. நோட்டோ செரிஃப் டிஸ்ப்ளே, கூகிள் ஃபொன்ட்ஸ்ல இருக்கு. ஓப்பன் ஃபொன்ட் லைசென்ஸ் எண்டபடியா கடை வேலைக்கும் தாராளமாப் பாவிக்கலாம். 4 அகலம், 9 தடிப்பு, இட்டாலிக்கும் சேர்த்தா 72 ஸ்டைல்.

எனக்குப் பிடிச்சது இதில எக்ஸ்ட்ரா கண்டென்ஸ்ட்தான், அதாவது நாலு அகலத்திலயும் ஆக ஒடுங்கினது. எங்கட ஊர் போட்டில சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூண்டும் வரவேணும், ட்ரிங்கோமலி எண்டு இங்கிலீஷ்ல எழுதவே 11 எழுத்து, இடம் காணாதெண்டு கன பேர் கோறல் ட்ரோ எண்ட டிசைன் சொஃப்ட்வெயாரில எழுத்தைப் பிடிச்சு ரெண்டு பக்கத்தாலயும் நெருக்கி விடுவினம். அப்பிடி நெருக்கினா நிக்கிற கோடெல்லாம் மெலிஞ்சு போகும், படுக்கிற கோடு பழைய தடிப்பிலயே நிக்கும், வரைஞ்சவர் பாத்துப் பாத்து வச்ச அளவெல்லாம் நாசம். தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. இது அந்த ஒடுங்கின அகலத்துக்கெண்டே வரைஞ்சது, நிக்கிற கோடு கம்பீரமாத் தடிச்சு நிக்க, வளைவும் முனையும் நூல் மாதிரி மெலிஞ்சு வரும். போல்ட், பிளாக் தடிப்பிலதான் அந்த வித்தியாசம் நல்லாத் தெரியும், தின் எடுத்தா எல்லாக் கோடும் மெல்லிசு, பிறகென்ன வடிவு.

ஆனா பேரிலயே டிஸ்ப்ளே எண்டு இருக்கு, தலைப்புக்கு மட்டும்தான். விசிட்டிங் காட்டில ஃபோன் நம்பரை இதில போட்டா மெல்லிய கோடு அச்சில காணாமப் போயிடும், அதுக்கு சாதாரண நோட்டோ செரிஃப் இருக்கு. கறுப்பில வெள்ளை எழுத்து விடேக்க இங்க் பரவி அந்தக் கோட்டை மூடிப்போடும், ஒரு தடிப்புக் கூட்டி எடுங்கோ. தங்க ஃபொயில் காட்டிலயும் அதே கவனம் வேணும். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுற வேலைக்கு நான் இதைச் சொல்லவே மாட்டன், உரிக்கேக்கயே மெல்லிய துண்டு அறுந்து வரும், தப்பி ஒட்டினாலும் உப்புவெளிக் கடற்காத்துக்கு ஓரம் கிளம்பத் தொடங்கிடும். உள்ளுக்க வைக்கிற மெனு, பெரிய போஸ்டர், அதுகளுக்கு அருமை.

தமிழ் இதுக்குள்ள இல்ல, அதுதான் கவலை. நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ செரிஃப் சிங்களம் ரெண்டிலயும் கண்டென்ஸ்ட் இருக்கிறபடியா பக்கத்தில வச்சா ஒத்துப்போகும், ஆனா தமிழில தடிப்பு மெலிவு வித்தியாசம் இவ்வளவு கூர்மையா இல்ல, ண, ஞ மாதிரி அகல எழுத்து கனக்க வந்தா இடமும் கூடப் பிடிக்கும். பாமினி எண்ட பழைய, யூனிகோட் இல்லாத தமிழ் ஃபொன்டில அடிச்சுப் பழகின ஆக்களுக்கு யூனிகோடுக்கு மாறுறது கொஞ்சம் கரைச்சல்தான், எண்டாலும் மாறுங்கோ.

இன்னொண்டு, பழைய கோறல் வச்சிருக்கிற ஆக்கள் வேரியபிள் ஃபைலை (எல்லாத் தடிப்பும் அகலமும் ஒரே ஃபைலுக்குள்ள இருக்கிறது) போட்டு ஒண்டும் வரேல்ல எண்டு விட்டுடாதேங்கோ, இறக்கின ஸிப்புக்குள்ள ஸ்டட்டிக் எண்டு ஒரு ஃபோல்டரில ஒவ்வொரு ஸ்டைலும் தனித்தனி ஃபைலா இருக்கு, அதில இருக்கிறதை இன்ஸ்டோல் பண்ணினாச் சரி.